கோடியில் ஒரு பிழை

“சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று” என்று நாம் அன்றாட வாழ்க்கையில் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. வாய்ச்சொல்லாயினும், கடிதமாயினும், கம்பி வழியே ஓடும் மின்குறியாயினும், ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்றோரிடத்தை அடைவதற்குள் அதற்கு ஏதேனும் ஊறு நேர்வது இயல்பே. சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து வாழும் நமக்கு இது அயலான விஷயமன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருந்துகொண்டு, திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் உள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். குழந்தைகளின் படங்களை அனுப்புகிறோம். இரவில் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறோம். இவை யாவும் இன்று எண்களாக மாறியே பயணம் செய்கின்றன. அந்த எண்கள் வழியில் சிதையாமல் போய்ச் சேருகின்றனவா? சிதைந்தால் எவ்வளவு சிதைகின்றன? அதை அளப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முடிவுற்றது. அது நடைமுறையில் இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்னும் பலர். தந்தியில் எண்கள் வந்தால், அவற்றை மறுமுறையும் திருப்பி அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருந்தது. சொல்லில் ஓர் எழுத்துக் கெட்டாலும் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எண்ணில் ஓர் இலக்கம் கெட்டால் ஊகிக்க வழியில்லை. ‘வருகிறேன்’ என்பது ‘வருகிறேம்’ என்று வந்தால் பொருள் கெடாது. ‘15ஆம் தேதி வருகிறேன்’ என்பது ‘16ஆம் தேதி வருகிறேன்’ என்று வந்தால், இரயில் நிலையத்தில் வரவேற்க ஆள் இராது. மொழியில் இயல்பாகவே ஒரு மிகுதி இருக்கிறது. ‘அவள் நேற்று வந்தாள்’ என்னும் தொடரில் பெண்பால் என்பதை ‘அவள்’ என்ற சொல்லும் கூறுகிறது. ‘வந்தாள்’ என்பதன் விகுதியும் கூறுகிறது. இறந்தகாலம் என்பதை ‘நேற்று’ என்பதும் உணர்த்துகிறது. வினையின் இடைநிலையும் உணர்த்துகிறது. ஒன்று அழிந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். எண்ணுக்கோ இத்தகைய துணை இல்லை. இக்கருத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

பிட் என்னும் அணு

இலக்க முறைச் செய்திப் போக்குவரத்தில் எல்லாச் செய்தியும் இரண்டே குறிகளால் ஆனது: ஒன்று, பூஜ்யம். விளக்கு எரிகிறது, எரியவில்லை என்பது போன்ற இந்த இருநிலைக் குறி ஒவ்வொன்றுக்கும் ‘பிட்’ என்று பெயர். அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர் 1948ஆம் ஆண்டில் செய்திப் போக்குவரத்துக்குரிய கணிதக் கோட்பாட்டை வெளியிட்டபோது இச்சொல்லை அச்சில் வழங்கினார். சொல்லை உண்டாக்கியவர் ஜான் டூக்கி என்பதையும் அவரே குறிப்பிட்டார்.

ஒரே ஒரு பிட் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இன்று வழங்கும் யூனிகோடு முறையில் ‘ப’ என்னும் எழுத்து இருபத்துநான்கு பிட்டுகளாகச் செல்கிறது. ‘ம’ என்னும் எழுத்தும் அவ்வாறே செல்கிறது. முதல் பதினாறு பிட்டுகள் இரண்டுக்கும் பொது. கடைசி எட்டு மட்டும் ‘ப’வுக்கு 10101010 எனவும், ‘ம’வுக்கு 10101110 எனவும் அமைந்துள்ளன. உற்று நோக்கினால் இவ்விரண்டிற்கும் இடையே ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபாடு இருப்பது புலனாகும். அந்தப் பூஜ்யம் வழியில் ஒன்றாக மாறிவிட்டால் ‘பணம் வந்தது’ என்பது ‘மணம் வந்தது’ என்றாகிவிடும். இருபத்துநான்கில் ஒன்று பிறழ்ந்தது. பொருளோ முழுவதும் பிறழ்ந்தது!

இது எழுத்து விளையாட்டு என்று தள்ளிவிட இயலாது. 2003ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டில் தேர்தல் நடைபெற்றது. தலைநகரான பிரஸ்ஸெல்ஸை அடுத்த ஸ்கார்பேக் என்னுமிடத்தில், மின்னணு முறையில் வாக்குகளைக் கூட்டியபோது ஒரு வேட்பாளருக்கு வரக்கூடிய அளவைவிட அதிகமான வாக்குகள் வந்திருக்கக் கண்டனர். மறுமுறை எண்ணினர். மிகையாக வந்திருந்த வாக்குகள் 4096. மற்ற எல்லா எண்களும் சரியாக இருந்தன. இந்த 4096 என்பது சாதாரண எண்ணன்று. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது. இருநிலை எண் முறையில் வலப்புறமிருந்து பதின்மூன்றாம் இடத்திலுள்ள பூஜ்யம் ஒன்றாக மாறினால் சரியாக 4096 கூடும். நிரலில் எந்தத் தவறும் காணப்படாமையால், நினைவகத்தில் ஒரு பிட் தானாகத் திரும்பியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தோர் முடிவு கூறினர். வாக்கு எண்ணிக்கை வரம்பை மீறியதால்தான் பிழை வெளிப்பட்டது. அதே பிழை வலப்புறத்திலுள்ள சிறிய இடம் ஒன்றில் நேர்ந்திருந்தால் எவரும் ஐயுற்றிருக்கமாட்டார்கள்.

பிழைகள் எங்கிருந்து பிறக்கின்றன?

கம்பியிலும் கருவியிலும் உள்ள மின்னணுக்கள் வெப்பத்தால் ஓயாது அசைந்துகொண்டே இருக்கின்றன. இந்த அசைவே மெல்லிய இரைச்சலாக வெளிப்படுகிறது என்பதை ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் இருவரும் 1928ஆம் ஆண்டில் ஆராய்ந்து நிறுவினர். சிற்றலையில் தொலைதூர நிலையத்தைத் திருப்பும்போது நாம் கேட்கும் ‘உஸ்’ என்னும் ஓசையின் ஒரு பகுதி இதுவே. இதனை முற்றிலும் நீக்குதல் இயலாது. குளிர்வித்தால் குறையுமே தவிர மறையாது. இதனோடு மின்னல், பக்கத்துக் கம்பியிலிருந்து கசியும் குறிகள், நீண்ட கண்ணாடி இழையில் ஒளி மங்குதல், அனுப்பும் கருவிக்கும் பெறும் கருவிக்கும் இடையே தாளம் பிசகுதல் ஆகியவையும் சேர்கின்றன.

சேமித்து வைத்த செய்திக்கும் இத்தகைய இடர்கள் உண்டு. சேமிப்பு என்பது காலத்தின் வழியே செய்தியை அனுப்புவதேயாகும். இன்று எழுதி வைத்ததை நாளை நாமே பெற்றுக்கொள்கிறோம். இடையில் தட்டில் கீறல் விழலாம். காந்தப் பதிவு மங்கலாம். சில்லில் தேக்கிய மின்னூட்டம் கசியலாம். நினைவகச் சில்லைப் பொதிந்திருக்கும் பொருளில் இம்மியளவு கதிரியக்கம் இருந்தாலும், அதிலிருந்து புறப்படும் ஆல்ஃபா துகள் ஒரு பிட்டைப் புரட்டிவிடும் என்பதை இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, உட்ஸ் என்னும் இருவர் 1978ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களும் இதையே செய்கின்றன.

நம் முன்னோர் அறிந்த சேமிப்பு ஓலைச்சுவடி. சுவடியிலும் பிழை பெருகியது. செல் அரித்தது, முறிந்தது, பெயர்த்தெழுதியவர் கண் வழுவியது. பெரும்பாலான ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடும் இல்லை. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டே பாடத்தை உறுதி செய்தார். பல படிகள் வெவ்வேறு இடங்களில் இருந்தமையாலும், யாப்பு என்னும் கட்டுப்பாடு இருந்தமையாலும் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரே படி மட்டும் இருந்திருந்தால், எது மூலம், எது பிழை என்று கூற வழியேது?

அளவுகோல்

பிழையை அளக்கும் அடிப்படை அளவை மிக எளியது. தவறாக வந்து சேர்ந்த பிட்டுகளின் எண்ணிக்கையை, அனுப்பிய மொத்தப் பிட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பது பிட் பிழை விகிதம். ஒரு லட்சம் பிட்டுகள் அனுப்பி ஒன்று தவறாகியிருந்தால் விகிதம் லட்சத்தில் ஒன்று.

எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது காரியத்தைப் பொறுத்தது. தொலைபேசிப் பேச்சில் ஆயிரத்தில் ஒன்று பிழையானாலும் காது பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். கணிப்பொறிகளை இணைக்கும் கண்ணாடி இழைத் தொடர்புகளுக்கு விதிக்கப்பட்டிருப்பது லட்சம் கோடியில் ஒன்றுக்கு மிகாத பிழை. கேட்பதற்கு இது பிழையே இல்லை என்பது போலத் தோன்றும். ஆனால் அத்தொடர்பில் நொடிக்கு நூறு கோடி பிட்டுகள் ஓடுகின்றன. வகுத்துப் பார்த்தால், ஆயிரம் நொடிக்கு ஒன்று, அதாவது பதினாறு நிமிஷம் நாற்பது நொடிக்கு ஒரு பிழை நேரலாம் என்று ஆகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ எண்பத்தாறு பிழைகள்! வேகம் பெருகப் பெருக, சிறிய விகிதமும் பெரிய எண்ணிக்கையாகிவிடும் என்பதை இதனால் அறியலாம்.

இனி, அளப்பது எப்படி? அனுப்பியது இன்னது என்று தெரிந்தாலன்றோ வந்தது தவறு என்று கூற முடியும்? ஆதலால் பொறியியலாளர் இருபுறத்தாரும் முன்கூட்டியே அறிந்த ஒரு வரிசையை அனுப்புகின்றனர். பள்ளியில் ஆசிரியர் ‘சொல்வதை எழுதுதல்’ பயிற்சி நடத்துவதை இதற்கு ஒப்பிடலாம். பாடம் ஆசிரியர் கையில் இருக்கிறது. மாணவன் எழுதியதோடு ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணுகிறார்.

ஆனால் 1, 0, 1, 0 என்று மாறி மாறி அனுப்பிச் சோதித்தால் போதாது. எளிய பாடத்தைச் சொல்லி எழுதச் செய்தால் எல்லா மாணவரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவர். உண்மைச் செய்தியில் ஒரே குறி நீளமாகத் தொடரும் இடங்களும் வரும்; அப்போதுதான் பெறும் கருவி தாளம் தவறித் தடுமாறும். ஆகவே, தாறுமாறாகத் தோன்றினாலும் ஒரு விதிக்கு உட்பட்டுப் பிறக்கும் வரிசைகளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் ஒன்று 32,767 பிட்டுகள் நீளமுடையது. மற்றொன்று 83,88,607 பிட்டுகள் நீளமுடையது. விதி தெரிந்த பெறும் கருவி அதே வரிசையைத் தானே உண்டாக்கி, வருவதோடு ஒன்றன்பின் ஒன்றாக ஒத்துப் பார்க்கிறது. ஒவ்வாத இடமெல்லாம் பிழை.

எவ்வளவு நேரம் சோதிக்க வேண்டும் என்பது அடுத்த வினா. ஐந்து நிமிஷம் சோதித்தோம், பிழையே காணவில்லை, ஆதலால் தொடர்பு குற்றமற்றது என்று கூறலாமா? கூடாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோறு ஒரே சீராக வெந்திருக்கும்போது பொருந்தும்; அரிதில் வரும் பிழைக்குப் பொருந்தாது. நிகழ்தகவுக் கணிதம் இதற்கு ஒரு வழி கூறுகிறது. பிழை விகிதம் லட்சம் கோடியில் ஒன்றுக்குக் குறைவு என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியுடன் சொல்லவேண்டுமானால், அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது மூன்று லட்சம் கோடி பிட்டுகளை அனுப்பி, அவற்றில் ஒரு பிழையும் காணாதிருக்க வேண்டும். நொடிக்கு நூறு கோடி பிட் ஓடும் தொடர்பில் இதற்கு ஐம்பது நிமிஷம் ஆகும். நொடிக்குப் பத்துக் கோடி பிட் ஓடும் தொடர்பிலோ எட்டு மணி இருபது நிமிஷம் ஆகும். பிழை காணவில்லை என்பது வேறு. பிழை இல்லை என்பது வேறு. எவ்வளவு தேடினோம் என்பதைச் சொல்லாமல் ‘காணவில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை.

சராசரி மறைக்கும் உண்மை

பிட் பிழை விகிதம் ஒரு சராசரியே. சராசரி பலவற்றை மறைக்கும். நூறு பிழைகள் நாள் முழுவதும் ஆங்காங்கே சிதறி வரலாம். அல்லது ஒரே நொடியில் கொத்தாக வரலாம். விகிதம் இரண்டுக்கும் ஒன்றே, விளைவு ஒன்றன்று. ஆண்டு மழையின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், பருவத்தே பரவலாகப் பெய்வதும் ஒரே இரவில் கொட்டித் தீர்ப்பதும் ஒன்றாகுமா? அதனால் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரைகளில் பிழைபட்ட நொடிகளையும் தனியே எண்ணும் முறை வகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிழையேனும் உள்ள நொடி ‘பிழைபட்ட நொடி’. ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவையும் தாண்டிக் கெட்ட நொடி ‘கடுமையாகப் பிழைபட்ட நொடி’.

மேலும், செய்திகள் கட்டுக்கட்டாகவே அனுப்பப்படுகின்றன. வழக்கமான ஒரு கட்டில் 12,000 பிட்டுகள் உண்டு எனக் கொள்வோம். கட்டில் ஒரு பிட் கெட்டாலும் முழுக் கட்டையும் மீண்டும் அனுப்ப வேண்டும். பிழை விகிதம் பத்து லட்சத்தில் ஒன்று என்றால், சிதறி வரும் பிழைகளால் நூறு கட்டுகளில் ஒன்றுக்குச் சற்று மேல் கெட்டுவிடும். அதே பிழைகள் கொத்தாக வந்தால் சில கட்டுகளே கெடும். ஆதலால் எண் ஒன்றைக் கேட்டவுடன் அது எதை எண்ணியது என்றும் கேட்டறிய வேண்டும்.

பிழையைக் குறைப்பதற்கு நேர்வழி உரத்துச் சொல்வது. இரைச்சலுக்கு மேல் குறியின் ஆற்றலை உயர்த்தினால் பிழை குறையும். அது குறையும் விதம் வியப்பிற்குரியது. அலையின் கட்டத்தை இரு நிலைகளில் மாற்றிச் செய்தி அனுப்பும் முறையில், லட்சத்தில் ஒன்றாக இருந்த பிழை, ஆற்றலை இரு மடங்கு ஆக்கிய அளவில் நூறு கோடியில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. செலவு இரு மடங்கு. பயன் பதினாயிரம் மடங்கு. ஆனால் இதே கணக்குத் திரும்பியும் பாயும். குறியின் ஆற்றல் பாதியாகக் குறைந்தால் பிழை பதினாயிரம் மடங்கு பெருகும். மழை பெய்யும்போது கூரைமீதுள்ள தட்டின் வழியே வரும் தொலைக்காட்சிப் படம், சிறிதும் மங்காமல் இருந்து, திடீரென உறைந்து நின்றுவிடுவதை நேயர்கள் கண்டிருக்கலாம். பழைய வானொலியில் ஒலி சிறிது சிறிதாகத் தேய்ந்து நம்மை எச்சரிக்கும்; இலக்க முறையில் அந்த எச்சரிக்கை நமக்குக் கிட்டுவதில்லை.

காவல் பிட்டுகள்

எப்போதும் உரத்துக் கூவ இயலாது. அப்போது, மொழியில் உள்ள மிகுதியைப் போல, எண்ணுக்கும் ஒரு மிகுதியை நாமே சேர்த்துக் கொடுக்கிறோம். பதினாறு பிட்டுகளை நான்கு வரிசையும் நான்கு பத்தியுமாக எழுதுவோம். ஒவ்வொரு வரிசையிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஓரத்தில் ஒரு காவல் பிட் சேர்ப்போம். ஒவ்வொரு பத்தியின் அடியிலும் அவ்வாறே செய்வோம். வழியில் ஒரு பிட் மாறினால், ஒரு வரிசையின் கணக்கும் ஒரு பத்தியின் கணக்கும் ஒற்றைப்படையாகிவிடும். அவ்விரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குற்றவாளி நிற்கிறான். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் கிடைத்துவிட்டால் ஆளைப் பிடிப்பது அரிதோ? பூஜ்யத்தை ஒன்றாக, அல்லது ஒன்றைப் பூஜ்யமாகத் திருப்பிவிட்டால் செய்தி செப்பமாகிவிடும்.

இதைவிடச் சிக்கனமான வழியைப் பெல் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். வார இறுதியில் ஆளில்லாத வேளையில் அவருடைய கணக்குகளைச் செய்த பொறி, பிழை கண்டவுடன் அக்கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை நேர்ந்தது என்று அறியக்கூடிய பொறி, அது எங்கே நேர்ந்தது என்று ஏன் அறியக்கூடாது என்று அவர் சிந்தித்தார். நான்கு பிட்டுக்கு மூன்று காவல் பிட் என்னும் அவருடைய முறை அதனால் பிறந்தது. அதன் வழிவந்த முறையில் இன்றும் பல கணிப்பொறிகளில் 64 பிட்டுகளை 8 காவல் பிட்டுகள் காத்து நிற்கின்றன. ஒரு பிழையைத் திருத்தும், இரு பிழையைக் கண்டு அறிவிக்கும்.

கொத்தாக வரும் பிழைக்கு இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்னும் இருவர் 1960ஆம் ஆண்டில் வகுத்த முறை ஏற்றது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைத் தகடுகளில் அதுவே காவல். அடுத்தடுத்த குறிகளைத் தள்ளித் தள்ளிப் பதித்து வைப்பதால், தகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்து ஏறத்தாழ 4000 பிட்டுகள் அழிந்தாலும் இசை கெடுவதில்லை. இன்று தேநீர்க் கடைகளில் பணம் செலுத்துவதற்காக ஒட்டியிருக்கும் சதுரக் குறியீட்டிலும் அதே கணிதம் உறைகிறது. அக்குறியீட்டுக்கு நான்கு காவல் நிலைகள் உண்டு. மிக உயர்ந்த நிலையில் நூற்றுக்கு முப்பது பங்கு அழிந்தாலும் செய்தியை மீட்கலாம். எண்ணெய்க் கறை படிந்தும் அது வேலை செய்வதன் காரணம் இதுவே.

ஆனால் திருத்தம் ஒரு திரையாகவும் அமையும். உள்ளே பிழைகள் பெருகிக்கொண்டே இருக்கும். வெளியே வருவது குற்றமற்றதாகவே தோன்றும். திருத்தும் ஆற்றலின் எல்லையைக் கடந்த மறுகணம் எல்லாம் சரிந்துவிடும். எனவே விவரமறிந்தோர் திருத்திய பின் எஞ்சிய பிழையை மட்டும் அளப்பதில்லை. திருத்துவதற்கு முன் எவ்வளவு பிழை இருந்தது என்பதையும் அளந்து குறித்து வருகின்றனர். உள்ளே ஏறிவரும் அந்த எண்ணே முன்னெச்சரிக்கை.

சேமிப்பிலும் இது கவனிக்கத்தக்கது. வீட்டுக் கணிப்பொறிக்கான காந்தத் தட்டுகள் பலவற்றில், திருத்த முடியாத வாசிப்புப் பிழை ஒரு கோடி கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேற்படாது என்று செய்வோர் குறிப்பிடுவது வழக்கம். ஒரு கோடி கோடி பிட் என்பது 12.5 டெராபைட். முன்னர் எட்டாத அளவாக இருந்த இது, இன்று ஓரிரு தட்டுகளில் அடங்கிவிடுகிறது. குடும்பப் படங்களை ஒரே தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது, ஒரே சுவடியை நம்பியிருப்பதற்கு ஒப்பாகும். இரு படிகள் வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும்.

நூறு கோடிக் காதங்களுக்கு அப்பால்

1977ஆம் ஆண்டில் ஏவப்பட்ட வாயேஜர்–2 என்னும் அமெரிக்க விண்கலம், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பூமியிலிருந்து ஏறத்தாழ 1,380 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. திடீரென அதன் விஞ்ஞானச் செய்திகள் படிக்க முடியாதனவாக வரலாயின. கலத்தின் நலம் பற்றிய குறிகளோ சரியாகவே இருந்தன. குறி அங்கே சென்று சேரப் பதின்மூன்று மணி நேரம். விடை திரும்பி வர மேலும் பதின்மூன்று மணி நேரம். பொறியியலாளர்கள் கலத்தின் நினைவகம் முழுவதையும் அனுப்பச் செய்து, இருக்க வேண்டியதோடு ஒப்பிட்டனர். ஒரே ஒரு பிட் மாறியிருந்தது. மே மாதத்தில் கட்டளை அனுப்பி அதைச் சரிசெய்தனர். செய்திகள் மீண்டும் ஒழுங்காக வந்தன. இருக்க வேண்டியது இன்னது என்ற படி ஒன்று பூமியில் பத்திரமாக இருந்தமையே அங்கு வெற்றிக்குக் காரணம்.

நம் கையில் உள்ள காவல்

இவ்வளவு காவலும் செய்தி புறப்பட்ட பின்னரே தொடங்குகின்றன. புறப்படுவதற்கு முன் நேரும் பிழையை எந்தக் கண்ணாடி இழையும் அறியாது. நாம் தவறாக எழுதிய எண்ணை அது லட்சம் கோடியில் ஒரு பிழையும் இன்றி, மிக விசுவாசத்துடன் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சில எண்களில் மனிதர் செய்யும் பிழைக்கும் காவல் உண்டு. ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம், முன்னுள்ள பதினொன்றையும் கொண்டு கணக்கிடப்பட்ட காவல் இலக்கம். வெர்ஹோஃப் என்னும் டச்சுக் கணித அறிஞர் 1969ஆம் ஆண்டில் வகுத்த முறை அது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். நம் இரயில்வேயின் சரக்கு வண்டிகள்மேல் எழுதியிருக்கும் பதினோர் இலக்க எண்ணின் கடைசி இலக்கமும் இத்தகைய காவலே. பணி முடிந்து இரயிலுக்குக் காத்திருக்கும்போது அவ்வெண்களைக் கண்டிருப்பீர்கள்.

ஆனால் ஊருக்குப் பணம் அனுப்பும்போது நாம் எழுதும் வங்கிக் கணக்கு எண்ணில் இத்தகைய காவல் இருக்கும் என்று நம்பியிருத்தல் தகாது. மாற்றி எழுதிய எண் வேறொருவருடைய உண்மையான கணக்காக அமைந்துவிடலாம். மின்னணு முறையில் வரும் தொகையைக் கணக்கு எண்ணை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டில் அறிவித்தது. பெயர் சரியாக எழுதியிருக்கிறோம் என்பது அங்கு நமக்குத் துணையாகவில்லை. பின்னர், பணம் அனுப்புவதற்கு முன்னரே பெறுபவரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியை 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்குள் ஏற்படுத்தித் தருமாறு அவ்வங்கியே மற்ற வங்கிகளைப் பணித்தது.

மாத வருவாயில் மிச்சம் பிடித்து அனுப்பும் தொகைக்குப் பின்னே ஒரு மூதாட்டியின் மருந்தும், ஒரு தம்பியின் கல்லூரிக் கட்டணமும் காத்திருக்கின்றன. ஆதலால் எண்ணை எழுதிய பின், அதைப் பாராமல் மறுமுறை மூலத்திலிருந்து எழுதி இரண்டையும் ஒப்பிடுக. திரையில் தோன்றும் பெயரைப் படித்த பின்னரே விரலை வைத்திடுக. புதிய கணக்காயின் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்து சேர்ந்தது என்று ஊரார் வாயால் கேட்டுக்கொள்க. தந்திக் காலத்தில் எண்களைத் திருப்பிச் சொல்லி ஒப்பிட்டவர்கள் செய்ததும் இதுவே. விண்கலத்தின் நினைவகத்தைப் பெற்று ஒப்பிட்டவர்கள் செய்ததும் இதுவே.